ஆற்றுக்குக் கடன் தீர்ப்பது எப்படி: கொலராடோ சரளைக் குவாரிகளும் பழைய பாசன உரிமையும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரிலிருந்து தென் பிளாட் ஆற்றை ஒட்டி வடக்கே போனால் பிரைட்டன், ஃபோர்ட் லப்டன், பிளாட்வில் என்று சிற்றூர்கள் வரிசையாக வரும். சாலையோரம் குளம் குளமாகத் தண்ணீர் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏரிகள் என்றே நினைப்பார்கள். அவற்றில் பல, சரளை எடுத்த குழிகள். ஆற்றுப் படுகையில் நிலத்தடி நீர் மேலாகவே இருப்பதால், சரளைக்குத் தோண்டும்போது தண்ணீரும் வெளிப்பட்டுவிடுகிறது. அன்று முதல் அது வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

அந்த நீர் குவாரிக்காரருடையது அல்ல. ஆற்றை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்த நீர். கீழே ஒரு விவசாயியோ ஒரு நகரமோ அதற்காகக் காத்திருக்கிறது. எனவே குழி குடித்ததை ஆற்றுக்குத் திருப்பித் தர வேண்டும். அதற்கு அதிகம் கையாளப்படும் வழி, முன்பு வயலுக்குப் பாய்ந்த பாசன நீரை ஆற்றிலேயே விட்டுவிடுவது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் தடுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் அளவில் தவறுவதில்லை, காலத்தில்தான் தவறுகிறார்கள். ஜூலையில் கொடுத்த தண்ணீர் ஜனவரிக் கடனை அடைக்காது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறது.

முதலில் அடிப்படை. 1874-ஆம் ஆண்டு வறட்சியில், கஷ் லா பூதர் ஆற்றின் மேல்பகுதியில் ஃபோர்ட் காலின்ஸ் குடியேறிகள் நீரை எடுத்துவிட, கீழே முன்பே கால்வாய் வெட்டியிருந்த கிரீலி மக்களின் பயிர் வாடியது. அந்தச் சண்டையின் நினைவு ஆறுவதற்குள் எழுதப்பட்டதுதான் 1876-இன் மாநில அரசியலமைப்பு. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்று அது விதித்தது. பவானிப் பாசனத்தில் கொடிவேரி, காலிங்கராயன் போன்ற பழைய ஆயக்கட்டுக்கு இருக்கும் முன்னுரிமையை அறிந்தவர்களுக்கு இது புரியும். வேறுபாடு, கொலராடோவில் ஒவ்வொரு உரிமைக்கும் தேதி உண்டு. அந்தத் தேதியை நீர் நீதிமன்றம் தீர்ப்பாணையாகவே எழுதிக் கொடுத்திருக்கிறது. நீர் போதாத நாளில் பழைய உரிமைக்காரர் 'அழைப்பு' விடுத்தால், அவருக்குப் பிந்தைய தேதிக்காரர்கள் மதகை மூடியாக வேண்டும். குவாரிக் குழி எல்லாரையும்விடப் பிந்தியது. ஆனால் ஆவியாவதை மூட மதகு கிடையாது.

படி 1: குழியைக் கிணறு என்று ஏற்றுக்கொள்ளுங்கள்

1988-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில், த்ரீ பெல்ஸ் ராஞ்ச் வழக்கிலும் ஜிகன் சரளை நிறுவனத்தின் வழக்கிலும், ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது: நிலத்தடி நீரை வெளிப்படுத்தும் குழி சட்டப்படி ஒரு கிணறு, அதன் ஆவியாதல் ஆற்றுக்கு இழப்பு. மறு ஆண்டே சட்டமன்றம் இதற்கு ஒரு வரையறை வகுத்தது. 1981 ஜனவரி 1-க்கு முன்பே நீர் வெளிப்பட்டிருந்த பரப்புக்கு ஆவியாதல் ஈடு தேவையில்லை. அதற்குப் பின் வெளிப்பட்ட ஒவ்வொரு ஏக்கருக்கும் தேவை.

ஆகவே முதல் வேலை, பழைய வான்வழிப் படங்களைத் தேடி எடுத்து, எந்தப் பரப்பு எப்போது திறந்தது என்று வரைபடத்தில் குறிப்பது. அடுத்தது கிணற்று அனுமதி. 600 அடிக்குள் வேறு கிணறுகள் இருந்தால் அவற்றின் உரிமையாளர்களிடம் மறுப்பில்லை என்று எழுதி வாங்குவது நல்லது. அண்டை வீட்டுக்காரரிடம் இயந்திரம் வந்து இறங்கிய பிறகு போகாதீர்கள். முன்பே போய் உட்கார்ந்து பேசுங்கள்.

படி 2: குழி எவ்வளவு குடிக்கிறது?

இங்கே அளவு ஏக்கர்-அடி. ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர், அதாவது ஏறத்தாழ 12.33 லட்சம் லிட்டர். இழப்பு மூன்று வகை.

முதலாவது ஆவியாதல். திறந்த நீர்ப்பரப்பின் ஆண்டு ஆவியாதலை 1982-இல் வெளியான அமெரிக்கக் கூட்டரசின் ஆவியாதல் வரைபடத்திலிருந்து எடுப்பார்கள். அதிலிருந்து, குழி இல்லாதிருந்தால் அந்த நிலத்துப் புல்லும் மண்ணும் உறிஞ்சியிருக்கும் மழையைக் கழிக்கலாம். மாநிலத்தின் நீர்ப் பங்கீட்டை நிர்வகிக்கும் மாநிலப் பொறியாளர் அலுவலகத்தின் வழக்கப்படி அது மொத்த மழையில் 70 விழுக்காடு. மாதவாரிப் பகிர்வும் அவர்களே வகுத்ததுதான்: 6,500 அடி உயரத்துக்குக் கீழுள்ள இடங்களில் ஜூலையில் ஆண்டு ஆவியாதலில் 15 விழுக்காடு, ஜூனில் 14.5, டிசம்பரிலும் ஜனவரியிலும் 3.

இரண்டாவது, சரளையோடு லாரியில் ஏறிப் போகும் ஈரம். நீருக்கடியிலிருந்து எடுத்தாலோ கழுவி விற்றாலோ எடையில் 4 விழுக்காடு. நீரை இறைத்து வடித்த பிறகு உலர் நிலையில் எடுத்தால் 2 விழுக்காடு. மூன்றாவது, புழுதி அடங்கத் தெளிக்கும் நீரும், வளாகத்தில் கான்கிரீட் கலவை ஆலை இருந்தால் அது எடுக்கும் நீரும். இதற்கு லாரி நடைகளை எண்ணினால் போதும்.

ஒரு கற்பனைக் குவாரியை வைத்துப் பார்ப்போம். நீர்ப்பரப்பு 20 ஏக்கர். ஆண்டு ஆவியாதல் 42 அங்குலம், மழை 14 அங்குலம் என்று கொள்வோம். மழையில் 70 விழுக்காடு 9.8 அங்குலம். நிகர இழப்பு 32.2 அங்குலம், அதாவது 2.68 அடி. 20 ஏக்கருக்கு 53.7 ஏக்கர்-அடி. ஆண்டுக்கு 3 லட்சம் டன் கழுவிய சரளை விற்றால், 4 விழுக்காடு 12,000 டன் நீர். ஓர் ஏக்கர்-அடி நீர் 1,359 அமெரிக்க டன் எடை என்பதால் இது 8.8 ஏக்கர்-அடி. புழுதிக்கு 5. மொத்தம் 67.5 ஏக்கர்-அடி. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். இதை வைத்துத்தான் மேலே போகிறோம்.

நீரை இறைத்து உலர் நிலையில் தோண்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இறைப்பு ஓடும்வரை நீர்ப்பரப்பு சிறிதாகவே தெரியும், கணக்கும் இலேசாக இருக்கும். இறைப்பு நின்ற நாளில் சுற்றிலுமுள்ள நிலத்தடி நீர் குழிக்குள் பாய்ந்து நிரம்பும். அந்த முதல் நிரப்பும் ஆற்றுக்கு இழப்புதான். அதற்கான ஈட்டை முன்கூட்டியே வைத்திருக்காதவர்கள் குவாரி மூடும் காலத்தில் திணறுகிறார்கள்.

படி 3: அந்த இழப்பு ஆற்றுக்கு எப்போது போய்ச் சேரும்?

இதுதான் இந்த வேலையின் இதயம். குழி ஆற்றங்கரையிலேயே இருந்தால் இன்றைய ஆவியாதல் விரைவில் ஆற்றில் குறையாகத் தெரியும். அரை மைல் தள்ளியிருந்தால் அதே குறை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், மண்ணுக்குள் பரவி மெல்ல மெல்லப் போய்ச் சேரும். ஜூலை வெயிலில் உண்டான இழப்பு கரைந்து தட்டையாகி, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஆற்றைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

இதைக் கணக்கிட குளோவர் என்ற பொறியாளரின் பெயரால் வழங்கும் முறை உண்டு. குழியின் நடுவிலிருந்து ஆறு எவ்வளவு தூரம், ஆற்றிலிருந்து வண்டல் படிவின் விளிம்பு எவ்வளவு தூரம், படிவு எவ்வளவு வேகமாக நீரைக் கடத்தும், எவ்வளவு நீரை விட்டுக்கொடுக்கும் என்ற நான்கு எண்கள் வேண்டும். கடைசி எண்ணுக்கு வண்டல் படிவில் பெரும்பாலும் 0.2 என்று கொள்வார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான ஏவாஸ் என்ற மென்பொருளில் இவற்றைக் கொடுத்தால் மாதவாரி அட்டவணை வந்துவிடும்.

தூரத்தை மட்டும் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு எடுத்துவிடாதீர்கள். இடையில் பெண்டோனைட் என்ற நீர் புகாத களிமண்ணால் நிலத்தடிச் சுவர் கட்டிய பக்கத்துக் குவாரி ஒன்று இருந்தால் நீர் அதைச் சுற்றித்தான் வரும், அட்டவணையே மாறிப்போகும். இந்த ஆற்றங்கரையில் அப்படிப்பட்ட சுவர்கள் நிறையவே இருக்கின்றன.

படி 4: வயல் உண்மையில் எவ்வளவு குடித்தது?

இப்போது ஈடு தரும் பக்கம் வருவோம். பெரும்பாலும் குவாரிக்காரர் வாங்கும் நிலமே பழைய பண்ணையாகத்தான் இருக்கும். அதோடு கால்வாய் நிறுவனத்தின் பங்குகளும் வரும். இங்கே பாசனக் கால்வாய்களை விவசாயிகளே பங்குதாரர்களாக நடத்துகிறார்கள். பங்குக்கு இத்தனை நீர் என்று முறை உண்டு. ஆகவே பங்குப் பத்திரம் கையிலிருந்தால் அவ்வளவு நீரும் தமக்கே என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது தவறு.

வயலுக்குப் போன நீர் முழுவதையும் பயிர் குடிப்பதில்லை. ஒரு பகுதி வாய்க்கால் ஓரமாக வடிந்து உடனே ஆற்றுக்குத் திரும்பும். ஒரு பகுதி மண்ணில் இறங்கி, படி 3-இல் சொன்னபடி மெல்ல ஆற்றை அடையும். கீழே இருப்பவர்கள் நூறாண்டுக்கும் மேலாக அந்தத் திரும்பும் நீரை நம்பித்தான் வாழ்கிறார்கள். எனவே குவாரிக்கு ஈடாகக் கிடைப்பது பயிர் உண்டு காற்றில் விட்ட அளவு மட்டுமே. திரும்பிய நீரை, அது முன்பு திரும்பிய அதே காலத்தில், தொடர்ந்து திருப்பித் தர வேண்டும்.

இதை நிறுவ வரலாறு வேண்டும். மதகில் ஆண்டாண்டாகப் பதிவான நீரளவு, கால்வாயில் வழியில் கசிந்த இழப்பு, பாசனம் நடந்த பரப்பு, எந்தப் பயிர், வெப்பநிலை, மழை. வறட்சியும் செழிப்பும் கலந்த நீண்ட காலத்தை எடுத்தாக வேண்டும். நல்ல ஆண்டுகளை மட்டும் பொறுக்கினால் மாநிலப் பொறியாளர் அலுவலகம் உடனே கண்டுபிடித்துவிடும். பயிரின் தேவையை, வெப்பநிலையை வைத்துக் கணிக்கும் பிளானி-கிரிடில் முறையில் கணக்கிட்டு, கிடைத்த நீரோடு ஒப்பிட்டு, இரண்டில் குறைவானதை எடுப்பார்கள்.

பண்ணையை வாங்கிவிட்டு, குவாரி அனுமதி வரும்வரை நிலத்தைச் சும்மா போட்டுவைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பத்து ஆண்டுகள் பயன்படுத்தாத உரிமை கைவிடப்பட்டது என்று சட்டம் ஊகிக்கும். இடைக்காலத்தில் குத்தகைக்கு விட்டாவது நிலத்தை நனைத்துக்கொண்டிருங்கள், பதிவையும் வைத்திருங்கள். பாசனம் செய்துவந்த பழைய விவசாயி உயிரோடிருந்தால் அவரிடம் போய்ப் பேசுங்கள். எந்த மூலைக்குத் தண்ணீர் ஏறாது, எந்த ஆண்டு மக்காச்சோளம் போட்டார் என்று அவர் சொல்லும் செய்தி எந்தக் கோப்பிலும் இருக்காது. உறுதிமொழிப் பத்திரமாக எழுதினால் அது சான்றும் ஆகும்.

நம் கற்பனைக் குவாரிக்கு வருவோம். 80 ஏக்கர் பண்ணை. வயல் மதகுக்கு ஆண்டுக்கு 160 ஏக்கர்-அடி வந்தது. பாதியைப் பயிர் உண்டது, பாதி திரும்பியது என்று கொள்வோம். பயிர் உண்டது 80, அதாவது ஏக்கருக்கு ஓர் அடி. நீர்ப்பரப்போ ஏக்கருக்கு 2.68 அடி குடிக்கிறது. ஓர் ஏக்கர் குளத்துக்கு ஈடாக ஏறத்தாழ 2.7 ஏக்கர் வயலின் நீர் தேவை. குழி விழுந்த 20 ஏக்கரின் பழைய நீர் மட்டும் போதவே போதாது. இந்த ஒப்பீட்டை முதலிலேயே செய்யாமல் நிலம் வாங்கியவர்கள் பிறகு அலைந்து திரிந்து பங்கு தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 5: குளிர்காலப் பள்ளத்தைக் கண்டுபிடியுங்கள்

80 ஏக்கரையும் உலரவிட்டால் ஆண்டுக் கணக்கு அழகாக நேராகிறது. வரவு 160. செலவில் குழி இழப்பு 67.5, திரும்பும் நீர் 80. மீதி 12.5. இங்கேயே பேனாவை மூடிவைப்பவர்கள் உண்டு.

மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். கால்வாய் ஓடுவது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாதம். 160-உம் அப்போதுதான் வரும். குழி ஆற்றிலிருந்து தள்ளியிருப்பதால் 67.5-உம் ஆண்டு முழுவதும் ஏறக்குறையச் சமமாகப் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் நீரில் 40 உடனே வடிந்தது, 40 மண்வழியே ஆண்டு முழுவதும் பரவியது என்போம். கோடையின் ஏழு மாதத்தில் செலவு: குழிக்கு 39.4, வடிநீருக்கு 40, மண்வழி நீருக்கு 23.3. ஆக 102.7. கையில் 57.3 மிச்சம். நவம்பர் முதல் மார்ச் வரை செலவு: குழிக்கு 28.1, மண்வழி நீருக்கு 16.7. ஆக 44.8. வரவு பூஜ்யம்.

ஆண்டுக் கணக்கில் உபரி காட்டும் குவாரி, குளிர்காலத்தில் 44.8 ஏக்கர்-அடி கடன்காரர். அழைப்பு இல்லாத நாள்களில் கடன் கேட்பார் இல்லை என்பது உண்மை. ஆனால் தென் பிளாட்டில் நீர்த்தேக்கங்கள் குளிர்காலத்தில்தான் நிரம்புகின்றன. அவற்றின் அழைப்பு குளிர்காலத்திலும் வரும். அதை எதிர்பாராமல் திட்டம் போடக்கூடாது.

பள்ளத்தை நிரப்ப மூன்று வழிகள் நடைமுறையில் உண்டு. கோடை மிச்சத்தை, நீர் புகாத சுவர் கட்டிய குழியில் தேக்கிவைத்துக் குளிர்காலத்தில் திறந்துவிடலாம். தேக்குவதற்குத் தனி ஒப்புதல் வேண்டும், தேக்கத்தில் ஆவியாவதும் உங்கள் கணக்கில்தான் ஏறும். ஆற்றிலிருந்து தள்ளி ஊறுகுளம் வெட்டி, அதில் கோடை நீரை இறக்கினால், அது மண்வழியே நகர்ந்து குளிர்காலத்தில் ஆற்றை அடையும். குளோவர் சூத்திரம் இப்போது உங்களுக்காக வேலை செய்கிறது. மூன்றாவது, நகராட்சியிடமிருந்து சுத்திகரித்த கழிவுநீரைக் குத்தகைக்கு எடுப்பது. ராக்கி மலைக்கு மேற்கிலிருந்து சுரங்கம் வழியே கொண்டுவரப்பட்ட நீரைச் சட்டப்படி முழுவதும் பயன்படுத்தித் தீர்க்கலாம் என்பதால், அந்தக் கழிவுநீர் ஈடுகட்ட உதவும். குளிர்காலத்திலும் நிற்காமல் வரும். என் விருப்பம் ஊறுகுளம். பம்பு வேண்டாம், ஆண்டுதோறும் குத்தகை பேச வேண்டாம். ஆனால் சரியான தூரத்தில் நிலம் அமைய வேண்டும்.

படி 6: வயலை உண்மையாகவே உலரவிடுங்கள்

காகிதத்தில் உலர்ந்த வயல், மண்ணில் உலர்ந்திருக்க வேண்டும். கொலராடோவின் முக்கியத் தீவனப் பயிரான குதிரைமசாலின் வேர் ஆழமாக இறங்கும். மதகை மூடினாலும் அது கீழிருந்து நீரை உறிஞ்சிப் பச்சையாகவே நிற்கும். ஆற்றோரத்தில் நீர்மட்டம் மேலாக இருப்பதால் இது இன்னும் எளிது. ஒரு திட்டத்தில் உழாமல் விட்ட குதிரைமசால் வயல் ஜூன் மாதம் முழங்காலளவு வளர்ந்து நின்றதை நான் ஆய்வுக்குப் போனபோதுதான் கண்டோம். அந்தப் பரப்புக்கான வரவு முழுவதும் அந்த ஆண்டு போயிற்று. பயிரை அழித்து ஆழ உழுது, பிறகு வரவை எண்ணுங்கள்.

உலரவிட்ட நிலத்தை அப்படியே கைவிடுவது பாவம் என்றே சொல்வேன். மண் காற்றில் பறக்கும், களை மண்டும். ஆர்கன்சாஸ் பள்ளத்தாக்கில் க்ரௌலி மாவட்டம் தன் பாசன நீரை நகரங்களுக்கு விற்றுவிட்டு, வயல்கள் களைக்காடானதை இம்மாநிலத்தில் எல்லாரும் அறிவார்கள். வறட்சி தாங்கும் உள்நாட்டுப் புல்லை விதைத்து, அது வேர்பிடிக்கும்வரை தேவைப்படும் நீரையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எந்தெந்தப் பரப்பு உலர்ந்தது என்று எல்லை வரைந்த வரைபடமும் உறுதிமொழியும் தர வேண்டும்.

படி 7: நீரைச் சரியான இடத்தில் ஆற்றில் விடுங்கள்

கால்வாயிலிருந்து ஆற்றுக்குத் திருப்பும் மதகில் அளவிடும் கருவியும் தொடர்பதிவுக் கருவியும் இருக்க வேண்டும். உங்கள் பங்கு நீரை ஆற்றிலேயே விட்டுவிட்டால், கால்வாயின் கடைக்கோடி விவசாயிக்குத் தள்ளும் நீர் குறையும், கசிவு இழப்பு முழுவதும் மற்றவர் தலையில் விழும். அதனால்தான் பல கால்வாய் நிறுவனங்கள் நீரைக் கால்வாய்க்குள் எடுத்து, உரிய இழப்பைக் கழித்து, கீழே ஓரிடத்தில் திருப்பிவிடச் சொல்கின்றன. அவர்களின் விதிமுறைகளைப் படித்து, இயக்குநர் குழுவின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

இடம் பற்றி விதி எளியது. உங்கள் குழியின் இழப்பு ஆற்றைத் தொடும் இடத்துக்கும், அழைப்பு விடுப்பவரின் மதகுக்கும் நடுவில் யாருக்கும் குறை வரக்கூடாது. ஈட்டு நீர் குழிக்கு மேலேயே ஆற்றில் சேர்ந்தால் சிக்கல் இல்லை. கீழே சேர்ந்தால், இடைப்பட்ட மதகுகள் ஒவ்வொன்றையும் பட்டியலிட்டுப் பாருங்கள்.

படி 8: விண்ணப்பம்

நிரந்தர வழி, நீர் நீதிமன்றத்தில் ஈடுகட்டும் திட்டத்துக்கும் உரிமை மாற்றத்துக்கும் தீர்ப்பாணை பெறுவது. தென் பிளாட் வடிநிலத்துக்கு அது கிரீலியில் இருக்கிறது. ஆண்டுகள் ஆகும், எதிர்ப்பாளர்கள் வருவார்கள். அதுவரை குவாரி ஓட, மாநிலப் பொறியாளரிடம் மாற்று நீர் வழங்கல் திட்டம் என்ற தற்காலிக ஒப்புதல் பெறலாம். 2001-இல் எம்பயர் லாட்ஜ் வழக்கில், இப்படிப்பட்ட தற்காலிக ஒப்புதல்களுக்கு மாநிலப் பொறியாளருக்குள்ள அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் சுருக்கிவிட்டது. 2002-இல் சட்டமன்றம் புது வரையறை தந்தது. குவாரிகளுக்குச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. ஒப்புதல் குறுகிய காலத்துக்குத்தான். நீட்டிப்பு விண்ணப்பத்தை முடிவுத் தேதிக்கு மாதங்கள் முன்பே கொடுத்துவிடுங்கள்.

படி 9: மாதக் கணக்கு

திறந்த நீர்ப்பரப்பு, விற்ற டன், தெளித்த நீர், மதகுப் பதிவு, காலம் தள்ளிய இழப்பு, திரும்பும் நீர்க் கடன், அன்றைய அழைப்பு. இவற்றை மாதந்தோறும் அட்டவணையாக, உங்கள் பகுதி ஆற்றின் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் நீர் ஆணையருக்கு அனுப்ப வேண்டும். மார்ச் மாத இறுதியில் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பருவம் எப்படி இருக்கும் என்று கேட்பது எந்த மென்பொருளையும்விடப் பயன் தரும்.

படி 10: குவாரி மூடிய பிறகு

சரளை தீர்ந்தாலும் குளம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். தோண்டியவர் கைவிட்டுப் போனால் யார் ஈடு தருவது? 2010 ஏப்ரலில் மாநிலத்தின் சுரங்க நிலச் சீரமைப்புத் துறை எல்லாச் சரளைக் குவாரிகளுக்கும் கடிதம் எழுதி இதற்குப் பதில் கேட்டது. குழியை நீர்மட்டத்துக்கு மேல் மண்ணிட்டு மூடலாம். சுற்றிலும் பெண்டோனைட் சுவர் எழுப்பி நிலத்தடி நீரிலிருந்து துண்டிக்கலாம். போதிய நீர் உரிமையை அந்தக் குழிக்கென ஒதுக்கலாம். இவற்றில் ஒன்றைச் செய்யும்வரை அதற்கான செலவைப் பிணைத்தொகையாகக் கட்டியிருக்க வேண்டும்.

சுவர் கட்டும் வழியைத் தேர்ந்தால், மாநிலப் பொறியாளர் 1999-இல் வகுத்த அளவுகோலின்படி 90 நாள் கசிவுச் சோதனையில் தேற வேண்டும். தேறிய குழி கிணறு அல்ல, நீர்த்தேக்கம் ஆகிவிடும். நகராட்சிகள் விரும்பி வாங்குவது இப்படிப்பட்ட குழிகளைத்தான். ஆனால் சோதனையில் தேறிய அன்று மாதக் கணக்கை நிறுத்திவிடாதீர்கள். சுவர் எழும்புவதற்கு முன்பு ஆவியான நீரின் குறை இன்னும் மண்ணுக்குள் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஏவாஸ் அட்டவணையில் கடைசி எண் பூஜ்யமாகும்வரை, அது மூன்று மாதமானாலும் மூன்று ஆண்டானாலும், மதகைத் திறந்து நீரை விட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.